கழலை அறுவைக்குப் பின் கவனிக்க வேண்டியவை

(பழனிசெட்டிபட்டியில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டமொன்றில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



வாய்க்கால் மராமத்தையும் குடிநீரையும் தெருவிளக்கையும் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் கழுத்திலுள்ள ஒரு சுரப்பியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். அறுவை சிகிச்சை நகரத்தில் நடக்கிறது. ஆனால் அதற்குப் பின்னுள்ள வாழ்க்கை கிராமத்தில் நடக்கிறது. க.விலக்கிலோ மதுரையிலோ தைராய்டை எடுத்துவிட்டு மூன்றாம் நாள் பேருந்தில் வந்து இறங்கும் ஒரு தாய்க்கு நான்காம் நாள் இரவு கை விறைத்தால், மருத்துவர் அருகில் இருப்பதில்லை. அண்டை வீட்டுக்காரர் இருக்கிறார்; அவர் முதலில் தேடி வருவது ஊராட்சி உறுப்பினரைத்தான். ஆகவே இச்செய்தி உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று கருதி வந்தேன்.

முதலில் மாட்டிலிருந்து தொடங்குகிறேன். கறவை மாடு வைத்திருப்போர் அனைவரும் பால் காய்ச்சலை அறிவீர்கள். நன்றாகக் கறக்கும் கலப்பினப் பசு கன்று ஈன்ற ஓரிரு நாளில் தள்ளாடுகிறது, படுத்துவிடுகிறது, எழ முடிவதில்லை, தலையை விலாப்பக்கம் மடக்கிக்கொள்கிறது, காதைத் தொட்டால் குளிர்ந்திருக்கிறது. பெயர்தான் காய்ச்சலே தவிர, உடம்பில் சூடு இல்லை. கால்நடை மருத்துவர் வந்து சுண்ணாம்புச் சத்து மருந்தை இரத்தக் குழாயில் மெதுவாக ஏற்றுகிறார். அவர் ஊசியை எடுத்துச் சிறிது நேரத்தில் பசு எழுந்து நிற்கிறது. கண்ணெதிரே நடக்கும் இவ்வதிசயத்தைப் பார்த்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள்.

அங்கே நடந்தது இதுதான். சீம்பாலில் சுண்ணாம்புச் சத்து திடீரென்று மிகுதியாக வெளியேறுகிறது. அதை ஈடுகட்ட எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டிய சுரப்பிகளின் ஏற்பாடு அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமற் போகிறது. இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறைகிறது. நரம்பும் தசையும் தடுமாறுகின்றன. 1925-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த டிரையரி, கிரெய்க் என்னும் இருவர், இந்நோய்க்கும் கழுத்திலுள்ள சிறு சுரப்பிகளுக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்று எடுத்துச் சொன்னார்கள். அதற்கு முன்னெல்லாம் மாட்டின் மடியில் காற்றை அடைத்து வைத்தியம் செய்து வந்தார்கள். பால் சுரப்பது நின்று சத்து வெளியேறாமல் இருந்ததால் அந்த வைத்தியமும் பல வேளை பலித்தது என்பது வேடிக்கையான செய்தி.

அச்சிறு சுரப்பிகள் மனிதருக்கும் உண்டு. குரல்வளைக்குக் கீழே வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் அமர்ந்திருப்பது தைராய்டு. அதன் பின்புறம், பக்கத்துக்கு இரண்டாக, பெரும்பாலோருக்கு நான்கு சுரப்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஓர் அரிசி மணியளவுதான். நான்கையும் சேர்த்து நிறுத்தாலும் கிராமில் ஏழில் ஒரு பங்கு தேறும். நிறம் மங்கிய மஞ்சள். கொழுப்புத் துணுக்கு என்று எண்ணித் தூக்கி எறிந்துவிடத்தக்க தோற்றம். இவற்றிற்குப் பாராதைராய்டு என்று பெயர். தைராய்டுக்கு அருகில் இருப்பதால் வந்த பெயரே தவிர, இரண்டின் வேலையும் வேறு வேறு. ஒரே சுவருக்கு இருபுறமும் குடியிருக்கும் இரு குடும்பங்களைப் போல.

இவற்றை முதன்முதலில் கண்டவர் ரிச்சர்டு ஓவன் என்னும் ஆங்கிலேயர். லண்டன் விலங்குக் காட்சிசாலையில் 1849-இல் இறந்துபோன காண்டாமிருகம் ஒன்றை அறுத்து ஆராய்ந்தபோது அவர் கண்ணில் இது பட்டது. அது நம் இந்திய நாட்டுக் காண்டாமிருகம். மனிதரிடத்தில் இவற்றை முறையாக ஆராய்ந்து 1880-இல் எழுதியவர், சுவீடன் நாட்டு உப்சாலாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஐவர் சாண்ட்ஸ்ட்ரோம். ஐம்பது உடல்களைச் சோதித்து அவர் எழுதிய கட்டுரையை அந்நாளில் கவனித்தவர் மிகச் சிலரே.

கவனியாததன் விலையை நோயாளிகள் கொடுத்தார்கள். அக்காலத்தில் கழலை அறுவையில் பெயர் பெற்ற இருவர், வியன்னா நகரத்துப் பில்ராத், சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்துக் கோக்கர். பில்ராத்தின் நோயாளிகளில் சிலருக்கு அறுவைக்குப் பின் கைகால் இழுப்பு கண்டது. கோக்கரின் நோயாளிகளுக்கு இழுப்பு அரிது. ஆனால் மாதங்கள் கழித்து உடல் ஊதி, அறிவு மந்தப்பட்டு, சோர்ந்து போனார்கள். காரணம் என்ன? அமெரிக்க அறுவை வல்லுநர் ஹால்ஸ்டெட் இருவர் கைவேலையையும் நேரில் பார்த்தவர். அவர் பிற்காலத்தில் இவ்வாறு விளக்கினார்: பில்ராத் விரைந்து அறுத்தார், தைராய்டில் கொஞ்சம் மிச்சம் விட்டார், ஆனால் பக்கத்துச் சிறு சுரப்பிகளைச் சேதப்படுத்தினார். கோக்கர் இரத்தம் சிந்தாமல் நிதானமாக அறுத்துத் தைராய்டை முழுதும் எடுத்தார். சிறு சுரப்பிகளை விட்டுவைத்தார். கோக்கருக்கு 1909-இல் நோபல் பரிசு கிடைத்தது. தைராய்டு போனால் ஒருவகைத் துன்பம், பாராதைராய்டு போனால் வேறு வகைத் துன்பம் என்பதை உலகம் கற்றுக்கொண்டது இப்படித்தான்.

இனி அச்சுரப்பிகள் செய்யும் வேலையைப் பார்ப்போம். லோயர்கேம்ப்பிலிருந்து இவ்வூர் வரை 14,707 ஏக்கர் இருபோகம் விளையும் பாசனத்தின் கடைசிப் பகுதியில் இருப்பவர்கள் நீங்கள். நீரைப் பங்கிடுவதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. உடம்பில் ஏறத்தாழ ஒரு கிலோ சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பில் தேங்கியிருக்கிறது, அது அணை. இரத்தத்திலும் உடல் நீரிலும் ஓடுவது ஒரு கிராம் அளவே, அது வாய்க்கால். நரம்பும் தசையும் இதயமும் பயிர்கள். அணையில் எவ்வளவு இருந்தாலும் வாய்க்காலில் மட்டம் குறைந்தால் பயிருக்கு என்ன பயன்?

வாய்க்கால் மட்டத்தை இமைப்பொழுதும் கவனித்து மடை திறப்பவையே இந்தச் சுரப்பிகள். மட்டம் இறங்கினால் இவை ஒரு நீரை இரத்தத்தில் விடுகின்றன. அது மூன்று வேலை செய்கிறது. அணையிலிருந்து, அதாவது எலும்பிலிருந்து, கொஞ்சம் திறந்துவிடுகிறது. சிறுநீரில் சத்து வீணாக ஒழுகாமல் கடைமடையை அடைக்கிறது. மூன்றாவதாக, சிறுநீரகத்தைக் கொண்டு வைட்டமின் ‘டி’யை முழு வலிமையுள்ளதாக மாற்றி, உண்ட உணவிலிருந்து குடல் அதிகச் சத்தை உறிஞ்சும்படி செய்கிறது. இதனால் 100 மில்லி லிட்டர் இரத்த நீரில் சுண்ணாம்புச் சத்து ஏறத்தாழ எட்டரை முதல் பத்தரை மில்லிகிராம் வரை நிலையாக நிற்கிறது. வயிறு நிறைய உண்ட நாளிலும் பட்டினி கிடந்த நாளிலும் இக்கணக்கு பெரிதாக மாறுவதில்லை.

தைராய்டை முழுதும் எடுக்கும்போது இந்நான்கையும் பிரித்து உள்ளேயே விட்டுவைப்பது மருத்துவரின் கடமை. அது எளிதன்று. இவற்றிற்கு இரத்தம் வரும் வழி, தைராய்டுக்குச் செல்லும் அதே குழாயின் மயிரிழைக் கிளைதான். பெரிய வாய்க்காலை அடைக்கும்போது கிளை வாய்க்காலும் சேர்ந்து அடைபட்டால் அந்த வயல் காய்ந்துவிடும் அன்றோ? சுரப்பி இடத்திலேயே இருந்தும் இரத்தமின்றி வாடிப் போவது இவ்வாறுதான். கைதேர்ந்த மருத்துவர் குழாயைத் தைராய்டை ஒட்டியே கட்டி, கிளையைக் காப்பாற்றுகிறார். ஒரு சுரப்பி தவிர்க்க முடியாமல் கையோடு வந்துவிட்டால், அதைப் பொடியாக நறுக்கி அங்கேயே கழுத்துத் தசைக்குள் வைத்துத் தைக்கிறார். பறித்த நாற்று வேர் பிடிப்பதுபோல் அதுவும் சில வாரங்களில் பிடித்துக்கொள்வதுண்டு. இச்சுரப்பிகள் கண்ணுக்குப் புலப்படாத ஒருவகைச் சிவப்பொளியில் தாமே ஒளிர்கின்றன என்பதை 2011-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் வெளியிட்டார்கள். அதைக் கொண்டு இவற்றை அடையாளம் காணும் கருவிகளும் வந்துள்ளன.

இவ்வளவு கவனத்துக்குப் பிறகும், தைராய்டு முழுதும் எடுக்கப்பட்டவர்களில் நாலைந்து பேருக்கு ஒருவருக்குச் சில நாள் சுண்ணாம்புச் சத்துக் குறைவு தோன்றவே செய்கிறது. இது பெரும்பாலும் யாருடைய குற்றமும் அன்று. அதிர்ச்சியுற்ற சுரப்பி சில வாரங்களில், சில வேளை சில மாதங்களில், தேறிவிடுகிறது. நான்கில் ஒன்று செவ்வையாக இயங்கினாலும் பெரும்பாலும் போதும். ஆறு மாதம், சிலர் கணக்கில் ஓராண்டு, கடந்தும் தேறாவிட்டால் அது நிரந்தரக் குறைபாடு. அனுபவம் மிக்க இடங்களில் நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரை இந்நிலையை அடைகின்றனர். ஒரு பக்கத் தைராய்டை மட்டும் எடுத்தவர்களுக்கு மறுபக்கத்து இரண்டும் தொடப்படாமல் இருப்பதால் இந்த அச்சம் மிகக் குறைவு. ஆகவே அறுவைக்கு ஒப்புக்கொள்ளும் முன், “பாதியா, முழுதுமா?” என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்பதற்கு நோயாளிக்கு உரிமை உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் இத்தகைய சுரப்பி அறுவைக்கெனத் தனித்துறைகளே உள்ளன. மீண்டும் மீண்டும் செய்யும் கையில் சேதம் குறைவு என்பது நாற்று நடுகிற பெண்களைப் பார்த்தாலே விளங்கும்.

ஆபத்து எந்நாளில்? இரத்தத்தில் சத்து மிகத் தாழ்வது அறுவைக்குப் பின் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை. பலர் வீடு திரும்புவதும் அதே நாட்களில். காயம் ஆறிவிட்டது, குரல் வந்துவிட்டது என்று வீட்டார் மகிழ்ந்திருக்கும் வேளையில்தான் இது தலைகாட்டுகிறது.

முதல் அடையாளம் உதட்டைச் சுற்றி மதமதப்பு. விரல் நுனிகளில் எறும்பு ஊர்வது போன்ற உணர்ச்சி. அடுத்து கெண்டைக்கால் குரக்குவலி. அதன் பின் கை தானாக மடங்குகிறது: மணிக்கட்டு வளைந்து, கட்டைவிரல் உள்ளே ஒட்டி, மற்ற விரல்கள் நீண்டு ஒன்றுசேர்ந்து, பிரசவம் பார்க்கும் மருத்துவச்சியின் கைபோல் குவிந்து நிற்கும். இந்த வடிவத்தை மட்டும் நீங்கள் மறக்காமல் இருந்தால் நான் இவ்வளவு தூரம் வந்தது வீணாகாது. அதையும் கவனியாது விட்டால் தொண்டை இறுகி மூச்சு இழுக்கும், வலிப்பு வரும், இதயத் துடிப்பு தடுமாறும்.

நம் ஊர்களில் இதற்கு என்ன பெயர் சூட்டுகிறோம்? வாய்வு என்கிறோம். காற்றுச் சேட்டை என்று வேப்பிலை அடிக்கிறோம். வலிப்பு என்று சொல்லிக் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கிறோம். மயங்கிக் கிடப்பவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றுகிறோம். அது மூச்சுக்குழலில் போய் உயிருக்கே உலை வைக்கும். நான் கண்ட ஓர் அம்மையாருக்கு இரண்டாண்டு காலம் காக்காய் வலிப்பு என்று மருந்து கொடுக்கப்பட்டிருந்தது. அவர் கழுத்தில் மடிப்போடு மடிப்பாக மறைந்திருந்த தழும்பை ஒருவரும் கவனிக்கவில்லை. ஒரே ஓர் இரத்தப் பரிசோதனையில் உண்மை தெரிந்தது. கண் புரையும் அதற்குள் வளர்ந்திருந்தது. நெடுநாள் கவனியாத சுண்ணாம்புக் குறைவு கண்ணில் புரையையும், மூளையில் சுண்ணாம்புப் படிவையும் உண்டாக்கும்.

செய்ய வேண்டியது மிகச் சிறியது. கழுத்தில் அறுவைத் தழும்பு உள்ள ஒருவருக்கு மதமதப்போ கைவிறைப்போ கண்டால், மருத்துவர் அவசரத்துக்கென்று சொல்லியிருக்கும் சுண்ணாம்பு மாத்திரையை, விழுங்கும் நிலையில் இருந்தால், கொடுத்துவிட்டு உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். மூச்சு இழுத்தாலோ வலிப்பு கண்டாலோ 108-ஐ அழையுங்கள்; ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். “தைராய்டு எடுத்தவர்” என்ற இரண்டு சொல்லை ஊர்தியில் வருபவரிடம் மறவாது சொல்லுங்கள். மருத்துவமனையில் கால்சியம் குளுகோனேட் என்னும் மருந்தை இரத்தக் குழாயில் மெதுவாக ஏற்றுவார்கள். படுத்த பசு எழுந்ததுபோலவே குவிந்த கை விரியும். விரைந்து ஏற்றினால் இதயம் நிற்கும். ஆகையால் வீட்டில் யாரையும் வைத்து இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளும் எண்ணமே வேண்டாம்.

வீட்டில் தொடரும் வைத்தியத்தில்தான் நம்மவர் பெரிதும் தவறுகிறார்கள். தைராய்டை முழுதும் எடுத்தவர் இரண்டு வகை மருந்து உண்ண நேரிடலாம். ஒன்று தைராய்டு மாத்திரை. அது ஆயுள் முழுதும் வேண்டும். மற்றது சுண்ணாம்பு மாத்திரையும், வலிமையூட்டப்பட்ட வைட்டமின் ‘டி’யாகிய கால்சிட்ரியாலும். இரண்டும் கழுத்துக்குத்தானே என்று காலையில் ஒரே வாயில் போட்டு விழுங்கிவிடுகிறார்கள். சுண்ணாம்பு, தைராய்டு மருந்தைப் பற்றிக்கொண்டு குடலில் சேரவிடாமல் தடுத்துவிடும். தைராய்டு மாத்திரையை விடியற்காலை வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் உண்ண வேண்டும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காப்பியும் பலகாரமும். சுண்ணாம்பு மாத்திரைக்கு நான்கு மணி நேர இடைவெளி கொடுங்கள். வழக்கமாகக் கிடைக்கும் சுண்ணாம்பு மாத்திரை உணவோடு சேர்த்து உண்டால்தான் நன்றாகக் கரையும். நெஞ்செரிச்சலுக்கு நாள்தோறும் மாத்திரை உண்பவர்களுக்கு அதுவும் சரியாகக் கரையாது. மருத்துவரிடம் சொன்னால் வேறு வகை தருவார்.

மதமதப்பு நின்றதும் மாத்திரையை நிறுத்துவது இன்னொரு தவறு. மாத்திரை உண்பதால்தான் மதமதப்பு நின்றது. குறைப்பதும் நிறுத்துவதும் இரத்தப் பரிசோதனையைப் பார்த்தே செய்ய வேண்டும். நேர்மாறாக, நல்ல சத்துதானே என்று கூட்டி உண்பவர்களும் இருக்கிறார்கள். சுரப்பி இல்லாதவருக்குக் கடைமடை திறந்தே கிடக்கிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள். இரத்தத்தில் ஏற ஏறச் சிறுநீரில் கொட்டும்; சிறுநீரகத்தில் கல் அடையும். அதனால்தான் மருத்துவர்கள் இவர்களுடைய சத்தளவை இயல்பான அளவின் அடிமட்டத்திலேயே நிறுத்திவைக்க விரும்புகிறார்கள். “இன்னும் குறைவாகத்தானே காட்டுகிறது, ஏன் கூட்டவில்லை?” என்று அவரோடு சண்டைக்குப் போக வேண்டாம். வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்ட நாட்களில் உண்ட மாத்திரை உடம்பில் சேராது. அப்போது ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கருவுற்ற பெண்களும் பால் கொடுக்கும் தாய்மார்களும் அடிக்கடி பரிசோதித்து அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியரிடம் முதல் நாளே தெரிவித்துவிடுங்கள்.

சுரக்காத அந்த நீரையே ஊசி மருந்தாகக் கொடுக்கும் முறையும் வந்திருக்கிறது. நாள்தோறும் ஒரு முறை போடத்தக்க ஒரு வகைக்கு ஐரோப்பாவில் 2023-இலும் அமெரிக்காவில் 2024-இலும் அனுமதி கிடைத்தது. விலையைக் கேட்டால் ஒரு போக விளைச்சலையே விற்க வேண்டியிருக்கும். நமக்கு இப்போது கைகொடுப்பவை சுண்ணாம்பு மாத்திரையும் கால்சிட்ரியாலுமே.

ஆகாரத்தைப் பற்றிக் கேட்பீர்கள். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. பசும்பாலில் அதில் மூன்றில் ஒரு பங்கே. எள்ளும் அகத்திக்கீரையும் முருங்கைக்கீரையும் இதில் வளமானவை. அறுவைக்கு நாள் குறித்தவுடன் கேழ்வரகுக் கூழும் மோரும் தாராளமாக உண்ணலாம். வெயிலில் சற்று நேரம் நிற்கலாம். வைட்டமின் ‘டி’ குறைவாக உள்ளவர்களுக்கு அறுவைக்குப் பின் இத்தொல்லை அதிகம் என்பதால், முன்கூட்டியே பரிசோதித்துச் சரி செய்துகொள்வது நல்லது. ஆனால் சுரப்பி இயங்காதவருக்கு உணவு மட்டும் மாத்திரைக்கு ஈடாகாது. வைட்டமின் ‘டி’க்கு வலிமையேற்ற ஆள் இல்லாததால் குடல் அச்சத்தை உறிஞ்சுவதில்லை. வாய்க்காலில் நீர் ஓடினாலும் மடை அடைபட்டிருக்கிற வயல் அது.

ஊராட்சி உறுப்பினர்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. உங்கள் பகுதியில் தைராய்டு முழுதும் எடுக்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பது செவிலியருக்குத் தெரிந்திருக்கிறதா என்று பாருங்கள். அவர்கள் ஒவ்வொருவரும் அறுவை நடந்த தேதியையும் உண்ணும் மருந்தையும் எழுதிய சீட்டு ஒன்றைக் குடும்ப அட்டையோடு வைத்திருக்கட்டும். அயலூரில் மயங்கி விழுந்தாலும் அச்சீட்டு பேசும்.

கூட்டம் தொடங்குமுன் ஒரு பெரியவர் என்னைத் தனியே அழைத்து, “என் மகளுக்கு இந்த ஆப்பரேசன் ஆகியிருக்கிறது. வெற்றிலையோடு சுண்ணாம்பு கூடப் போட்டுக்கொண்டால் மாத்திரைச் செலவு மிச்சமாகுமா, டாக்டர் ஐயா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. வெற்றிலைச் சுண்ணாம்பிலும் அதே சத்துதான் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் விரல் நுனியில் எடுத்துத் தடவுவது இன்றைக்கு இவ்வளவு, நாளைக்கு அவ்வளவு என்று கணக்கின்றி மாறும். கூட்டினால் வாயும் குடலும் வெந்துபோகும். இந்த நோய்க்குத் தேவை வேளை தவறாத, அளந்த அளவு. அந்த மகளுக்கு அறுவை நடந்து மூன்று மாதம் ஆகிறதாம். இரத்தப் பரிசோதனை ஒரு முறைதான் செய்திருக்கிறார்களாம். வருகிற வாரம் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று மீண்டும் ஒரு முறை பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அவருடைய சுரப்பிகள் இதற்குள் தேறியிருக்கவும் கூடும். அப்படியானால் அந்தப் பெரியவர் விரும்பியபடியே மாத்திரைச் செலவு படிப்படியாகக் குறையும்.